இருமுவது யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

'காசம்' என்னும் வடசொல்லுக்கு இருமல் என்றே பொருள். ஆகவே காசநோய் என்று நாம் சொல்லும்போது இருமல் நோய் என்றுதான் சொல்லுகிறோம். எலும்புருக்கி நோய் என்று நம் பாட்டிமார் சொல்வது உடல் மெலிவதைக் கண்டு வைத்த பெயர். ஆனால் ஊரார் ஒருவரை நோயாளி என்று கண்டுகொள்வது மெலிவைக் கொண்டன்று, இருமலைக் கொண்டுதான். பேருந்தில் ஒருவர் விடாமல் இருமினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளி நிற்கிறார். கல்யாணப் பந்தியில் இருமினால் இலைகள் விலகுகின்றன. இருமியவரோ ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போலத் தலைகுனிகிறார். மறுவாரம் முதல் அவர் வெளியே வருவதில்லை. மருத்துவமனைக்கும் போவதில்லை. போனால் பெயர் வெளிவந்துவிடுமே!

அந்த இருமலைச் செய்பவர் யார் என்பதே என் கேள்வி. இது சொல் விளையாட்டன்று. வேதியியலார் பல ஆண்டுகள் சுற்றி வளைத்து இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடை நம் வகுப்பறைக்கும் வரவில்லை, நம் தெருவுக்கும் வரவில்லை என்பதே என் குறை.

முதலில் கிருமியின் உடுப்பைப் பார்ப்போம். மைக்கோபாக்டீரியம் என்னும் பேரினத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மண்ணிலும் நீரிலும் யார் வம்புக்கும் போகாமல் வாழ்பவை. மனித குலத்தை வாட்டியவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, 1873-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி. மற்றொன்று, 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் அறிவித்த காசநோய்க் கிருமி. இவற்றுக்குக் கார்பால் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயத்தைச் சூடேற்றி ஏற்றிவிட்டால், பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவினாலும் நிறம் போகாது. மற்றப் பாக்டீரியாக்கள் வெளுத்துப்போய் அடுத்து ஊற்றும் மெத்திலீன் நீலத்தை ஏற்றுக்கொள்ளும். இவை மட்டும் சிவப்பாகவே நிற்கும். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் சுவரிலுள்ள மெழுகு. தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தில் 12 கார்பன் அணுக்கள் உள்ளன. இக்கிருமியின் மைக்கோலிக் அமிலத்திலோ 60 முதல் 90 வரை. இந்த மெழுகால் ஒரு தனி வெளிச்சவ்வே அமைந்திருக்கிறது என்பதை 2008-இல் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியின் வழியாக நேரிலேயே பார்த்தார்கள்.

இம்மெழுகின் வெளிமுகத்தில்தான் நம் கதாநாயகர்கள் நிற்கிறார்கள். கொழுப்பு வாலை மெழுகுக்குள் புதைத்துக்கொண்டு சர்க்கரைத் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் இவை. கிளைக்கோலிப்பிட் என்பது நூற்பெயர். சர்க்கரைக் கொழுப்பு என்று சொன்னால் போதும். நம் உடலின் காவல் செல்கள் கிருமியைத் தொடும்போது முதலில் தொடுவது இவற்றைத்தான்.

நம் பாடத்திட்டத்தில் கார்போஹைட்ரேட்டுகள் ஓர் அலகு, லிப்பிடுகள் வேறோர் அலகு. ஒன்றைப் பருவத்தின் தொடக்கத்திலும் மற்றதைத் தேர்வு நெருங்கும்போதும் நடத்துகிறார்கள். இரண்டும் சேர்ந்த பொருள் இரண்டு அலகுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறது. 'கிளைக்கோலிப்பிட் - சிறுகுறிப்பு வரைக' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். மூளையில் உள்ளது என்று ஒரு வரி எழுதிவிட்டு வருவோம். கிருமி மட்டும் அலகு பார்த்து வாழ்வதில்லை.

டிரெகலோஸ் என்று ஒரு சர்க்கரை உண்டு. இரண்டு குளுக்கோஸ்கள் கைகோத்தது. வெட்டுக்கிளி, வண்டு முதலிய பூச்சிகளின் குருதியில் ஓடுவது இதுதான். மனித உடல் இதை உண்டாக்குவதில்லை. காசநோய்க் கிருமி இந்த ஒரே சர்க்கரைக்கு வெவ்வேறு சட்டைகளை மாட்டுகிறது. இரண்டு மைக்கோலிக் அமிலங்களை எஸ்டர் பிணைப்பால் கோத்தால் கயிற்றுக் காரணி. நான்கு கொழுப்பமிலங்களோடு ஒரு சல்ஃபேட்டையும் சேர்த்தால் சல்ஃபோலிப்பிட்.

கயிற்றுக் காரணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயுண்டாக்கும் வீரியமுள்ள கிருமிகள் வளர்ப்புக் குடுவையில் தனித்தனியே இராமல் கயிறு முறுக்கியது போல ஒட்டிக்கொண்டு வளர்வதைக் காக் காலத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1947-இல் மிடில்புரூக், டூபோ, பியர்ஸ் ஆகியோர் வீரியத்துக்கும் இந்த முறுக்குக்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தினர். 1950-இல் ஹியூபர்ட் பிளாக் என்பவர் பெட்ரோலியம் ஈதரால் கழுவி அந்த ஒட்டுப்பொருளைப் பிரித்தெடுத்தார். எண்ணெயில் கரைத்துச் சிறிது சிறிதாகச் செலுத்தியபோது எலிகள் மடிந்தன. அதன் அமைப்பு 1956-இல் தெளிவாயிற்று. நம் காவல் செல்லில் இதைப் பிடித்து அடையாளம் காணும் 'மின்கிள்' என்னும் ஏற்பியை ஜப்பானியர் கண்டுபிடித்ததோ 2009-இல். ஆயுதத்தைக் கண்டதற்கும் அது நம் உடலில் எங்கே படுகிறது என்று கண்டதற்கும் இடையே 59 ஆண்டுகள்! இரண்டாம் ஆண்டிலேயே பொறுமையிழக்கும் நமக்கு இது ஒரு செய்தி.

இனி சல்ஃபோலிப்பிட். இதுவே என் கட்டுரையின் நடுப்பகுதி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வீரியமுள்ள கிருமிகள் 'நியூட்ரல் ரெட்' என்னும் சாயத்தை இழுத்துக்கொள்கின்றன, வீரியமற்றவை அப்படிச் செய்வதில்லை என்று 1948-இல் கண்டார்கள். அப்படி இழுப்பது சல்ஃபேட் கொண்ட ஒரு கொழுப்பு என்று 1959-இல் தெரியவந்தது. இதே காலத்தில் நம் சென்னையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையத்து நோயாளிகளின் சளியிலிருந்து பிரித்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். அவற்றுள் பல பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளைவிட வீரியம் குறைந்தவையாக இருந்தன. மிச்சிசனும் உடன் உழைத்தவர்களும் இதை 1960-இல் வெளியிட்டனர். ஏன் குறைவு என்ற கேள்விக்கு விடை தேடி, அமெரிக்காவின் டென்வர் நகரில் கோரன் என்பவர் தென்னிந்திய, பிரிட்டிஷ் கிருமிகளின் கொழுப்புகளைப் பிரித்து ஒப்பிட்டார். வீரியம் மிக்கவற்றில் சல்ஃபோலிப்பிட் மிகுதியாக இருப்பது பொதுவான போக்காகத் தெரிந்தது. 1974-இல் இது வெளிவந்தது. சென்னையில் எங்கோ ஒரு சந்தில் இருமிக் கோப்பையில் துப்பிய சளி டென்வர் வரை போய் ஒரு மூலக்கூறுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஆனால் அதன்பின் இம்மூலக்கூற்றுக்கு இறங்குமுகம். மரபணு நுட்பம் வளர்ந்ததும், சல்ஃபோலிப்பிட்டை உண்டாக்க முடியாத கிருமியை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். 2003-இல் அதனை எலிகளிலும் கினிப்பன்றிகளிலும் சோதித்தபோது நோயின் கடுமை குறையவில்லை. கிருமி வழக்கம்போலவே பெருகியது. நுரையீரல் வழக்கம்போலவே கெட்டது. அப்படியானால் இது வெறும் அலங்காரந்தானா? இத்தனை செலவு செய்து, கந்தகத்தையும் சேர்த்து, கிருமி எதற்காக இதைச் செய்கிறது?

விடை 2020-இல் வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தார் இருமலை எண்ணத் தொடங்கினார்கள். வழக்கமான கிருமி தொற்றிய கினிப்பன்றிகள் இருமின. சல்ஃபோலிப்பிட் இல்லாத கிருமி தொற்றியவை இருமவில்லை. பிரித்தெடுத்த சல்ஃபோலிப்பிட்டை மட்டும் மூச்சோடு செலுத்தியபோதும் இருமல் வந்தது. ஆய்வுத் தட்டில் வளர்த்த வலியுணர் நரம்புச் செல்கள், மனித நரம்புச் செல்கள் உட்பட, இம்மூலக்கூறு பட்டதும் தூண்டப்பட்டன. அதாவது, இப்பொருளின் வேலை நுரையீரலைக் கெடுப்பதன்று; நரம்பைச் சீண்டி இரும வைத்து அடுத்த உடலுக்குப் பயணம் போவது. இத்தனை ஆண்டுகள் அது புலப்படாததற்குக் காரணம், எல்லோரும் கிருமியின் எண்ணிக்கையையும் நுரையீரலின் புண்ணையும் அளந்தார்களே ஒழிய இருமலை அளக்கவில்லை என்பதுதான்.

இதற்காகவே தலைப்பில் அக்கேள்வியை வைத்தேன். இருமுவது அந்த மனிதர். இருமச் செய்வது ஒரு சர்க்கரைக் கொழுப்பு. தும்மலை அடக்க முடியாதது போலவே இதையும் அடக்க முடியாது. அவரது ஒழுக்கத்துக்கும் குடும்பத்துக்கும் இருமலோடு எந்தத் தொடர்பும் இல்லை.

மறுப்புகள் எழும் என்பது தெரியும். கினிப்பன்றியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லலாமா என்று எங்கள் பேராசிரியர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. காசநோயில் இருமலுக்குச் சளி, புண், அழற்சி என்று வேறு காரணங்களும் உண்டு. இருமலே இல்லாமல் நோய் உள்ளவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்று மக்களிடையே எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் காட்டுகின்றன. ஆனால் இந்தச் செய்தி என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. இருமுகிறவரை ஒதுக்கிவிட்டால் நாம் தப்பிவிட்டோம் என்று நினைப்பவர், பக்கத்தில் இருமாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பற்றி என்ன செய்யப்போகிறார்?

இருமல் கிருமியின் வேலை என்றால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா என்று இன்னொருவர் கேட்கலாம். கைக்குட்டையால் வாயை மூடுவதும் மாத்திரையை நிறுத்தாமல் விழுங்குவதும் அவர் பொறுப்பு. அவரை வீட்டில் வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. சென்னை மையத்தார் 193 நோயாளிகளைப் பகுத்து, ஒரு பகுதியினருக்கு ஆரோக்கிய விடுதியிலும் மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்து, 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகெங்கும் காசநோய் விடுதிகள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு பெருங்காரணம். அதே மாநிலத்தில் தனித் தம்ளரும் தனித் திண்ணையும் இன்னும் இருக்கின்றன என்றால், ஆராய்ச்சி நிலையத்துக்கும் நம் வீட்டுத் திண்ணைக்கும் இடையே ஒரு தபால்காரர் இல்லை என்றுதான் பொருள்.

அத்தபால்காரர் நாம்தான் என்பது என் கருத்து. 'பாமர மக்களுக்குக் கிளைக்கோலிப்பிட் எதற்கு?' என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இந்த 2020 ஆய்வை என் தாயாரிடம் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. "அப்போ அந்த மனுஷனா இருமல, பூச்சிதான் இரும வைக்குதுங்கிறே" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொல்லவில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குத் திகைப்பு. "பூச்சிக்குச் சர்க்கரை வேணும்னா, சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு இது ஜாஸ்தி வருமோ?" நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்பது உண்மைதான். ஆனால் காரணம் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுவது என்று மறுநாள் கேட்டுத் தெரிந்து வந்து சொன்னேன். பள்ளி வாசல் மிதியாத ஒருவருக்கு இக்கேள்வி எழும் என்றால், அவர்களுக்குப் புரியாது என்று முடிவு செய்ய நாம் யார்?

தொழுநோயைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. அங்கே அநீதி இன்னும் பெரிது. வேதியியலும் இன்னும் அழகு. தொழுநோய்க் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க இன்றுவரை இயலவில்லை. அது ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலில்தான் ஏராளமாக வளர்த்தெடுக்கிறார்கள். 2001-இல் இதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 1,604 மரபணுக்களே புரதத்துக்கான வேலை செய்கின்றன. 1,100-க்கும் மேற்பட்டவை செத்த மரபணுக்கள். பரம்பரைச் சொத்தில் பாதியைத் தொலைத்த கிருமி இது. அப்படிப் படிக்கப்பட்ட கிருமி வகை தமிழ்நாட்டு நோயாளியிடமிருந்து வந்தது. அதன் பெயரிலேயே தமிழ்நாட்டின் முதலெழுத்துகள் உண்டு.

இத்தனை தொலைத்தும் அது விடாமல் காத்து வைத்திருப்பவற்றுள் ஒன்று, மூன்று சர்க்கரைகளைத் தலையில் சூடிய ஃபீனாலிக் கிளைக்கோலிப்பிட்-1. 1981-இல் பிரென்னன் குழுவினர் இதனை விளக்கினர். நரம்பைச் சுற்றி உறை போர்த்தும் ஷ்வான் செல்லின் மேற்பரப்பில் லாமினின்-2 என்னும் புரதம் உள்ளது. இம்மூன்று சர்க்கரைகளும் அதைப் பற்றிக்கொள்கின்றன என்று 2000-இல் கண்டார்கள். 2017-இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இம்மூலக்கூற்றால் தூண்டப்பட்ட நம் காவல் செல்களே நரம்புக்குக் கேடு செய்கின்றன. வழி எதுவாயினும் முடிவு ஒன்று: உணர்ச்சி போகிறது. அடுப்பில் கை சுடுவது தெரிவதில்லை. காலில் முள் தைத்தது தெரிவதில்லை. விரல்களைத் தின்பது கிருமியன்று; உணர்வில்லாமல் ஏற்படும் காயங்களும் அதன் சீழும் விரல்களைக் கெடுக்கின்றன.

'முற்பிறப்பின் பாவம்' என்று சொல்லப்பட்டது இம்மூன்று சர்க்கரைகளைத்தான்! 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன்பின் குணமாகாத நோய் என்று சொல்ல இடமில்லை. ஆயினும் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரலாம் என்ற விதி 2019 வரை நம் சட்டநூல்களில் இருந்தது. சட்டம் திருந்திவிட்டது. நம் வசைமொழி திருந்தவில்லை. கல்லூரி விடுதியில் நண்பனை ஏசுவதற்கு இந்த நோயின் பழைய பெயரைப் பயன்படுத்துவோர் இதைப் படிக்கும் உங்களுள்ளும் இருப்பீர்கள். 2023-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழுநோயாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அந்த வசை யார் காதில் விழுகிறது என்று நமக்குத் தெரியாது. தோலில் உணர்ச்சியற்ற ஒரு தேமலை மறைத்துக்கொண்டு பக்கத்து அறையிலேயே ஒருவர் இருக்கலாம். அவர் ஆறு மாதம் தாமதித்தால் ஒரு நரம்பு போய்விடும். போன நரம்பை மாத்திரை மீட்டுத் தராது.

இந்தச் சர்க்கரைக் கொழுப்புகள் நமக்கு உதவுவதும் உண்டு. லைப்போ அராபினோமேனன் என்ற ஒன்று நோயாளியின் சிறுநீரில் வெளிப்படுகிறது. அதை ஒரு காகிதப் பட்டையால் கண்டறியும் சோதனையை, எச்.ஐ.வி. தொற்றோடு காசநோயும் இருக்கலாம் என்று ஐயுறும் நோயாளிகளுக்காக 2015-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றது. சளி வராதவர்களுக்கு இது பெரும் உதவி.

வரும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் வழக்கம்போலக் கோயில் வளாகத்தைப் பெருக்கிச் சாலைக்குச் சுண்ணாம்புக் கோடு போடப் போகிறோம். அதில் குறை சொல்லவில்லை. அதோடு ஒரு மேசையும் போடலாம் என்கிறேன். சாயமேற்றி மூடி முத்திரையிட்ட தயார் சிலைடுகளில் உயிருள்ள கிருமி இராது, அச்சப்பட வேண்டியதில்லை. அத்தகைய ஒரு சிலைடை வைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, 100 எண்ணுள்ள லென்சைத் திருப்பினால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரியும். ஊர்ப் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, 'இதுதானா இரும வைக்குது?' என்று கேட்கட்டும். பக்கத்தில் நிற்கும் மாணவர் தமிழில் விடை சொல்லட்டும். விலங்கியல் துறையில் எண்ணெய் லென்சு உள்ள நுண்ணோக்கி இருக்கிறது. முகாம் தேதி முடிவாகுமுன் துறைத் தலைவரிடம் கேட்டு வைத்துவிட வேண்டும். மின்விளக்கு இல்லாத இடமானால் கண்ணாடி பொருத்திய பழைய நுண்ணோக்கியே நல்லது.